பி.எச்டி. இடம் இரண்டு கையில் இருந்தால்?

பெங்களூரில் மெக்கானிக்கலில் பி.எச்டி. முடித்து, இங்கேயே ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். ஞாயிறு மாலை அல்சூர் ஏரிப் பக்கம் நம் தமிழ்ப் பிள்ளைகள் கூடியபோது கேட்டவையும், நான் சொன்னவையும்.

அக்கா, இங்கே ஐ.ஐ.எஸ்சி. (இந்திய அறிவியல் கழகம்), மும்பை ஐ.ஐ.டி. இரண்டிலும் கிடைத்திருக்கிறது. எது பெரிய இடம்? (யஷ்வந்த்பூர் தம்பி)

இரண்டுமே பெரிய இடம்தான். அதை வைத்து முடிவெடுக்க முடியாது, தம்பி. கைடு, அதாவது உங்கள் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர், யார் என்று பாருங்கள். சேரும்போதே கைடு முடிவாகிவிடுமா, பாடங்கள் முடித்த பிறகா என்று இரண்டு துறையிலும் கேளுங்கள்.

நான் சேரும் முன் ஒரு லேபுக்குப் போனேன். பேராசிரியர் அருமையாகப் பேசினார், மனசு நிறைந்துவிட்டது. பிறகு அவருடைய மூத்த மாணவரோடு கேன்டீனில் உட்கார்ந்தேன். "அண்ணா, எப்ப முடிப்பீங்க?" என்று கேட்டேன். அவர் கிளாஸை மேசையில் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது, பதில் வரவில்லை. அவருக்கு அது ஏழாவது வருஷம். நான் வேறு லேபில் சேர்ந்தேன்.

ஆகவே கடைசியாக முடித்த நாலைந்து பேரைத் தேடிப் பேசுங்கள். எத்தனை வருஷம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள், நடுவில் விட்டுப் போனவர் உண்டா? உங்கள் வேலைக்கு வேண்டிய மெஷின் லேபில் ஏற்கெனவே ஓடுகிறதா, இனிமேல்தான் ஆர்டர் போடணுமா? வரும் என்று சொன்ன கருவிக்காக ஒன்றரை வருஷம் காத்திருந்தவள் நான். அந்த நாட்கள் திரும்பி வரவில்லை. பேராசிரியருக்கு ஓய்வு பெற இன்னும் எத்தனை வருஷம் என்பதையும் தயங்காமல் விசாரியுங்கள்.

மாசம் 37,000 ரூபாயில் பெங்களூரில் எப்படிக் குடும்பத்தைப் பார்ப்பது? அப்பா கேட்கிறார். (சேலத்திலிருந்து வந்த தங்கை)

அப்பா கேட்பது நியாயம். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) 37,000, எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனதும் 42,000. ஹாஸ்டல் அறை கிடைத்தால் ஒருவர் தாராளமாக இருக்கலாம், வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். வெளியே தங்கினால் வாடகைப்படி உண்டா என்று ஆஃபர் கடிதத்தில் பாருங்கள். 2018இல் வந்த பிரதமர் ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் முதல் இரண்டு வருஷம் மாசம் 70,000, ஆராய்ச்சிச் செலவுக்கு வருஷம் 2 லட்சம் என்று வைத்தார்கள். ஆனால் அந்தப் பணத்துக்காக ஒத்துவராத கைடிடம் போகாதீர்கள். வீட்டில் கடன் இருந்தால் மட்டும், இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வருவதில் எந்தக் குறையும் இல்லை.

அமெரிக்காவிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. உடனே பதில் கேட்கிறார்கள். (மல்லேஸ்வரம்)

பண உதவியோடு வந்த ஆஃபர் என்றால் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவதாக அங்கே நிறைய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கின்றன. உங்களுடையது அதில் உண்டா என்று பாருங்கள், பதறாதீர்கள். ஸ்டைபெண்ட் ஒன்பது மாசத்துக்கா, பன்னிரண்டுக்கா? கோடையில் யார் தருவார்? டியூஷன் முழுக்கத் தள்ளுபடியா? மருத்துவ இன்சூரன்ஸ் யார் கட்டுவது? இந்த நாலுக்கும் மின்னஞ்சலில் எழுத்தாகப் பதில் வாங்குங்கள்.

ஜெர்மனி?

அங்கே பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே பி.எச்டி. ஈ13 நிலை (அங்கே பொதுத்துறைச் சம்பளப் படிநிலைகளில் ஒன்று) என்று எழுதியிருந்தால் முழு நேரமா, பாதியா, ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று பாருங்கள்.

வேலையை விடாமல் முடியுமா அக்கா? (ஒயிட்ஃபீல்டு)

ஐ.ஐ.எஸ்சி.யில் வேலையில் இருப்பவர்களுக்கென்று தனி வழி இருக்கிறது. கம்பெனியின் சம்மதம் வேண்டும். வாய்ச் சம்மதம் போதாது, மேலதிகாரி மாறினால் அது காற்றோடு போய்விடும்.

வீட்டில் எல்லாரும் வெளிநாடு என்கிறார்கள். எனக்கு இங்கே ஒரு பேராசிரியரிடம் சேர ஆசை.

உங்கள் ஆசையில் தப்பே இல்லை, கண்ணு. நாளைக்கே அந்த லேபில் இரண்டாம் வருஷ மாணவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் போங்கள், ராத்திரி முழுக்க சோதனை ஓட்டியிருப்பார்கள். பேசிவிட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்கள், அப்பாவிடம் நானே பேசுகிறேன்.