குருகின் காலைப் பார்த்தவள் யார்?

அன்புள்ள ஐயா,

கடலூரில் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உவமை, உருவகம், படிமம், குறியீடு, தொன்மம், நோக்குநிலை என எல்லாக் கலைச்சொற்களுக்கும் விளக்கம் மனப்பாடம். ஆனால் ஒரு பாடலைக் கொடுத்து எழுதச் சொன்னால் கை ஓடுவதில்லை. குறுந்தொகை 25ஆம் பாடலுக்கு, ‘கவிஞர் காதலின் ஏக்கத்தைக் கூறுகிறார். தினைத்தாள் அன்ன என்பது உவமை’ என்று எழுதினேன். பத்துக்கு மூன்று மதிப்பெண். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் இரண்டு வரியில் விளக்கமும் ஓர் எடுத்துக்காட்டும் தருவீர்களா? படிமத்துக்கும் குறியீட்டுக்கும் என்ன வேறுபாடு?

மாணவி, கடலூர்

அன்புள்ள தங்கைக்கு,

தரமாட்டேன். விளக்கம் மனப்பாடம் என்று நீங்களே எழுதிவிட்டு, மேலும் விளக்கம் கேட்டால் எப்படி? மதிமுகம் உவமைத்தொகை, முகமதி உருவகம் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். இப்போதைக்கு அது போதும். படிமமா, குறியீடா என்ற வழக்கைப் பேராசிரியர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்காக நீங்கள் உறக்கம் கெட வேண்டாம்.

என்னைப் பதில் எழுத உட்கார வைத்தவை உங்கள் விடையின் முதல் வரியில் உள்ள இரண்டு சொற்கள்: ‘கவிஞர்’, ‘கூறுகிறார்’. விடைத்தாள், மேடைப் பேச்சு, நூல் மதிப்புரை என எங்கு பார்த்தாலும் இதே பாட்டு. எனக்குக் கோபம் வருகிறது. எந்தக் கவிஞர் கூறினார்? பாடலை எழுதிய கபிலரா? கபிலர் அங்கே வாயே திறக்கவில்லையே!

பாடலை மறுபடி படியுங்கள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

பேசுகிறவள் ஒரு பெண். கேட்கிறவள் அவளுடைய தோழி. காதலன் கூடிவிட்டுப் போனான். திருமணம் தள்ளிக்கொண்டே போகிறது. அன்று அங்கே ஒருவரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்புறம் ஒரு குருகு நினைவுக்கு வருகிறது. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீன் மேல் கண் வைத்து நின்ற குருகு. சாட்சி இருந்தது, ஆனால் அது இவர்களைப் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் உவமைக்கு வாருங்கள். குருகின் காலுக்கு ஏன் தினைத்தாள்? சொல்கிறவள் குறிஞ்சி நிலத்துப் பெண். தினைப்புனம் காத்து வளர்ந்த கண்ணுக்கு ஒல்லியான பசுங்கால் தினைத்தாளாகத்தான் தெரியும். நெய்தல் பெண்ணாக இருந்தால் வேறு ஏதோ தோன்றியிருக்கும். உவமையைப் பிடித்துவிட்டீர்கள், உவமை சொன்னவளைக் கைவிட்டுவிட்டீர்கள். மதிப்பெண் போனது அங்கேதான். எத்தனையோ நாளைக்குப் பிறகும் ஒரு பறவையின் கால் நிறம் வரை அவளுக்கு நினைவிருக்கிறது என்றால், அந்த நாளை அவள் எத்தனை முறை மனத்துக்குள் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்! இதைக் கபிலரின் வாயில் வைத்துப் பாருங்கள், பாடல் செத்துவிடும்.

இதை நான் ஏட்டில் கற்கவில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை ‘தானே’ புயல் நம் பக்கம் கரை கடந்தது உங்களுக்குச் சிறு வயது நினைவாக இருக்கலாம். பண்ருட்டிப் பக்கம் என் அத்தைக்குக் கொஞ்சம் முந்திரியும் வாசலில் ஒரு பெரிய பலாவும் இருந்தன. கணக்கெடுக்க வந்தவரிடம் அத்தை மரங்களின் எண்ணிக்கையையும் வயதையும் மட்டும் சொன்னார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. வெளியூரில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மகளிடம் தொலைபேசியில், “ஒன்றும் ஆகவில்லை, ஓடு இரண்டு பறந்தது, நீ வேளைக்குச் சாப்பிடு” என்றார். இரவு என் அம்மாவிடம் மட்டும்தான் பலா சாய்ந்த கதையைச் சொன்னார். முதலில் வேர் அறுபடுகிற சத்தம் தரைக்குள்ளிருந்து வந்ததாம். இருட்டில் தவழ்ந்துபோய் மாட்டின் கயிற்றை அரிவாளால் அறுத்தாராம். சொல்லும்போது அம்மாவின் கையை விடவே இல்லை. ஒரே இரவு, ஒரே வாய், மூன்று கதை. அதில் எது பொய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கேட்டவர் மாறினார், கதையும் மாறியது.

தொல்காப்பியர் செய்யுளியலில் 34 உறுப்புகளை அடுக்குகிறார். மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று தொடங்கும் அந்த வரிசையில் கூற்று, அதாவது யார் பேசுகிறார் என்பது, வருகிறது. அதை ஒட்டியே கேட்போர் வருகிறது. பாட்டைக் கேட்கிறவரும் பாட்டின் உறுப்பு! அதற்கடுத்துக் களனும் (பேசும் இடம்) காலமும். இவ்வளவு பெரிய சொத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நாம் ‘கவிஞர் கூறுகிறார்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் முதல் நாள் சொல்லித்தர வேண்டியவை கூற்றும் கேட்போரும்தான். அணியெல்லாம் அப்புறம் வரட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சிறுகதைக்கும் இதுவே. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது நம் திருப்பாதிரிப்புலியூரில். அவருடைய ‘பொன்னகரம்’ கதையில் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்க, வேறொருவனோடு இருளில் மறைந்து முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கதை இப்படி முடிகிறது: “என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!” இதற்கும் ‘ஆசிரியர் வறுமையைச் சாடுகிறார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கும்.

உங்கள் கை ஓடாததற்கு நீங்கள் மந்தம் என்று காரணம் தேடாதீர்கள். மனப்பாடம் செய்ததில் நிறைவு கொள்ளாமல் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குறுகுறுப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இந்த வாரம் பொன்னகரத்தை வாய்விட்டுப் படியுங்கள். அந்தக் கடைசி வரியில் ‘ஐயா’ என்று அழைக்கப்படுகிறவர் யார், கதை முழுக்க அவர் எங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நான் படித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்