பல்செட்டும் மூன்று ஆஸ்கரும்

கேள்வி: துணை நடிப்புக்காக மூன்று ஆஸ்கர் வாங்கியவர் யார்? சபா நாடகங்களில் தாத்தா வேடம் போடும் நான் அவரிடம் என்ன கற்கலாம்?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: ஹாலிவுட் நடிகர் வால்டர் பிரென்னன் (1894–1974). 1936, 1938, 1940 படங்களுக்காக வாங்கினார். துணை நடிகர் விருதின் முதல் வெற்றியாளரே அவர்தான், அற்புதமான கலைஞர். விபத்தில் பல்லிழந்தவர். கிழவர் வேடத்துக்குப் பல்செட்டைக் கழற்றிவிடுவார். உதடு உள்வாங்கும், கன்னம் ஒட்டும், பேச்சு குழறும்.

சொந்தப் பல் உள்ளவர்கள் கறுப்பு டூத் எனாமல் (பல்லுக்கான ஒப்பனைப் பூச்சு) பூசலாம். அது பல் விழுந்தது போலக் காட்டும், கன்னத்தை ஒட்டவைக்காது. அதற்குக் கன்ன எலும்புக்குக் கீழே பழுப்பு ஷேடிங் (நிழல் போன்ற பூச்சு) வேண்டும். விளிம்பைத் தேய்த்துக் கலக்காவிட்டால் முன்வரிசைக்கு அழுக்காகத் தெரியும். பூசுமுன் பல்லைத் துடையுங்கள், ஈரத்தில் ஒட்டாது. குரலை மட்டும் ஓயாமல் நடுங்கவிடாதீர்கள், வசனம் புரியாமல் போகும்.