மூளையிலேயே தோன்றும் மெலனோமாவை எப்படி உறுதிசெய்கிறார்கள்?

மன்னார்குடிப் பக்கம் நடவுவேலை செய்யும் தங்கள் தந்தையின் மூளைக்கட்டி மெலனோமா என்று அறிக்கை வந்திருப்பதால், தோலில் வரும் புற்றுநோய் மூளையில் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். மெலனோமா தோன்றுவது தோலின் நிறமிச் செல்களில்; மூளையுறைகளிலும் அத்தகைய செல்கள் இயல்பாகவே உண்டு; மிக அரிதாக அவையே புற்றாக மாறுகின்றன. ஆனால் வேறிடத்திலிருந்து மூளைக்குப் பரவியதே பெரும்பாலும் காணப்படுவதால், உடல் முழுவதும் தேடியும் எதுவும் கிடைக்காதபோதுதான் அது அங்கேயே தோன்றியது என முடிவுசெய்ய இயலும். நம்மவர்க்கு மெலனோமா வந்தால் அது உள்ளங்காலில் வருவது சாதாரணம். ஆகவே சேற்றுக்கறை, பழைய தழும்பு என ஒதுக்காமல் பாதம், நகக்கண், வாய், மூக்கு, ஆசனவாய், கண்ணின் உட்புறம் ஆகியவற்றைப் பரிசோதித்து, உடல் முழுவதும் புற்றைத் தேடும் பெட் சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ.யின் டி1 என்னும் வகைப் படத்தில் மெலனின் என்ற நிறமி வெண்மையாகத் தெரியும் என்றாலும் இரத்தக்கசிவும் அப்படித் தெரியக்கூடுமாதலால், கட்டி மெலனோமாதான் என்பதற்குத் திசுப் பரிசோதனையே உறுதியான சான்று. இயன்றவரை கட்டியை முழுமையாக அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. கதிர்வீச்சும், நிவோலுமாப் போன்ற, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்துகளும் நிலைமைக்கேற்பச் சேர்க்கப்படும்.