"தெரியாம பட்டுருச்சுங்க"

கேள்வி: பையன் கனடாவுல இருக்கான், அங்க போனப்ப ஐஸ் ஹாக்கி மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனான். ஆளை ஆளு கண்ணாடித் தடுப்புல கொண்டுபோயி சாத்தறாங்க, ரெஃப்ரி கம்முனு நிக்கறாரு. செத்த நேரங்கழிச்சு ஒருத்தன் குச்சி இன்னொருத்தன் ஒதட்டுல தெரியாமத்தான் பட்டுச்சு, ரத்தம் வந்துருச்சு, அதுக்குப்போயி 4 நிமிஷம் வெளிய உக்கார வெச்சுட்டாங்க. ஃபுட்பாலுக்கு இது அப்படியே தலைகீழால்ல இருக்குது?
- வாசகர், காங்கேயம்

பதில்: பாதி சரிங்க. ஐஸ் ஹாக்கில முட்டறது ஆட்டத்துலயே ஒரு வேலை, பக் (பந்துக்குப் பதிலா அவங்க அடிக்கற வட்டு) எவன்கிட்ட இருக்குதோ அவனைத் தோள்ல இடுப்புல முட்டித் தள்ளலாம், பாடி செக்னு பேரு. பின்னாடி இருந்து முட்டினாலோ தலையைக் குறி வெச்சாலோ பெனால்டி. குச்சி சங்கதி வேற. மூஞ்சில பட்டா 2 நிமிஷம், காயமாச்சுன்னா என்எச்எல்ல (அங்கத்த பெரிய லீக்) 4, தெரியாமப் பட்டுச்சுன்னு நீங்க கும்பிட்டு நின்னாலும் நடக்காது (ஷாட் அடிச்ச வீச்சுல பட்டா மட்டும் விட்டுருவாங்க). காட்டுல மம்பட்டி வீசறவன் பக்கத்துல ஆளு நிக்குதான்னு பாத்துத்தானே வீசணும், அந்தக் கணக்குதான்.

ஃபுட்பால்லயும் தோளோட தோள் இடிக்கலாமுங்க. கவனமில்லாம கால வெச்சா ஃப்ரீ கிக், அடுத்தவனுக்கு என்னாகும்னே பாக்காம பாஞ்சா மஞ்சக் கார்டு, தேவைக்கு மேல முரட்டுத்தனமா போனா சிவப்பு. வேணும்னு பண்ணியா தெரியாமப் பண்ணியான்னு அங்கயும் கேக்கறதில்ல.

அடின்னு பாத்தா ஹாக்கில முட்டறதை விட சாமானுக்குத்தான் நான் பயப்படுவேன். பக்குங்கறது கெட்டி ரப்பரு, ஏறக்குறைய நம்ம தட்டுவடை செட் சைசு, 170 கிராம், துள்ளாம இருக்கணும்னு உறைய வெச்சு எடுத்துட்டு வருவாங்க, அது 150 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலயும் பறக்கும். அப்புறம் ஸ்கேட் பிளேடு. 2023 அக்டோபர்ல இங்கிலாந்து ஷெஃபீல்டு மேட்சுல ஆடம் ஜான்சனுங்கற வீரர் கழுத்துல எதிராளி ஸ்கேட் பட்டு உசுரே போயிருச்சு, அதுக்கப்புறந்தான் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் பெரியவங்களுக்கும் கழுத்துப் பட்டையைக் கட்டாயமாக்குச்சு. ஃபுட்பால்லயும் இல்லாம இல்ல, 2006ல செல்சி கோல்கீப்பர் பீட்டர் செக் தலையில எதிராளியோட முழங்கால் இடிச்சு மண்டையோடு உடைஞ்சுது, பொறவு ஓய்வு பெறுற வரைக்கும் தலைக்கவசத்தோடதான் ஆடுனாரு.

ஆனா ஃபுட்பால்ல முழங்கால் போறவங்கள்ல பலபேரை யாரும் தொட்டிருக்கவே மாட்டாங்க, ஓடிட்டே சடார்னு திரும்புவான், கால் ஊனுன எடத்துலயே நிக்கும், ஒடம்பு மட்டும் சுத்தும், உள்ள இருக்கற ஜவ்வு பிஞ்சுரும். எட்டாவது படிக்கறப்ப எனக்குக் கணுக்கால் போனதும் இப்படித்தான், பக்கத்துல ஒருத்தனும் இல்ல, எலி வளைல கால விட்டுட்டேன், மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுப் போட்டுட்டு ஒரு மாசம் திண்ணைலயே கெடந்தேன், யாருக்குன்னு கார்டு காட்டறது?

கேள்வி: என்ற பேரன் ஃபுட்பால் ஆடறப்ப சின் கார்டு (முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் வெக்கற தடுப்பு) போடமாட்டேங்கறான், வேர்க்குதாம். போட்டே ஆகணுமா?
- வாசகி, பெருந்துறை

பதில்: போட்டே ஆகணுமுங்க அம்மிணி, ஃபுட்பால் சட்டத்துலயே இருக்குது, சாக்ஸு அதை மூடியிருக்கணும். முழங்காலுக்கு அது ஒதவாது, அதுக்குக் கிரவுண்டுல இருக்கற குழியை மூடச் சொல்லுங்க.