டிஸ்க்கைக் கெடுத்தது யார்?

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து பதிவு செய்த நேர்காணல்கள் எல்லாம் 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அது மேசையிலிருந்து விழுந்தபின் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. செக்டிஸ்க் (விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை) போட்டேன், ரெக்கவரி சாஃப்ட்வேரை இரண்டு நாள் ஓட்டினேன், பலனில்லை. பிறகு டேட்டா ரெக்கவரி கடையில் கொடுத்தேன். "கண்டிப்பாக எடுத்துவிடலாம்" என்றார்கள். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு, பிளாட்டரில் (உள்ளே டேட்டா பதியும் தட்டில்) கீறல், முடியாது என்கிறார்கள். போய்க் கேட்டால் ஏளனப் பேச்சு. டிஸ்க்கைத் திறந்து நாசமாக்கியதே அவர்கள்தான். இப்போது அட்வான்ஸையும் புது டிஸ்க் ஒன்றையும் தருகிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். நான் 25 லட்சம் கேட்டு வழக்குப் போட நினைக்கிறேன். போலீஸிலும் புகார் தரலாமா?

பதில்: போலீஸ் வேண்டாம். வேலை தெரியாமல் கெடுப்பது வேறு, கெடுக்க வேண்டுமென்றே கெடுப்பது வேறு. இரண்டாவதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஏளனப் பேச்சும் இழுத்தடிப்பும் மனதில் உறுத்தும், வழக்குக்கு உதவாது. வழக்கை நிறுத்தப்போவதோ கவிழ்க்கப்போவதோ நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம்தான்: சத்தம் வந்த பிறகும் இரண்டு நாள் டிஸ்க்கை ஓடவிட்டிருக்கிறீர்கள்.

படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப்போய்த் திரும்பும் சத்தம் அது. விழுந்த அதிர்ச்சியில் ஹெட் வளைந்திருந்தால், டிஸ்க் சுழலும் ஒவ்வொரு நிமிடமும் பிளாட்டரின் காந்தப் பூச்சு சுரண்டப்படலாம். ரெக்கவரி சாஃப்ட்வேர், படிக்க முடியாத செக்டாரை (டேட்டா பதியும் சிறு பகுதியை) விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பழுது நீக்கச் சொல்லி செக்டிஸ்க்கை ஓட்டினால் அது கோப்பு அட்டவணையையே திருத்தி எழுதிவிடும். ஆக, இப்போது சொல்லப்படும் கீறல் விழுந்ததால் வந்ததா, உங்கள் இரண்டு நாளால் வந்ததா, கடைக்காரர் கைவைத்ததால் வந்ததா? இதற்குச் சான்றோடு பதில் இல்லையென்றால் 25 லட்சம் இருக்கட்டும், 25 ஆயிரமே சிரமம்.

சட்டம் உங்களைக் கைவிட்டுவிடவில்லை. வேலைக்காக ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ளவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151. தன் கையில் இருந்தபோது பொருள் கெட்டது என்றானபின், கவனமாகத்தான் இருந்தேன் என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. ஆனால் அவர் கையில்தான் கெட்டது என்பதை முதலில் நீங்கள் காட்டியாக வேண்டும். கொடுத்ததே பாதி செத்த டிஸ்க்.

அதைக் காட்டும் சான்று அவரிடமே இருக்கிறது: முதல் நாள் சோதனையின் லாக், அதாவது பதிவு. தொழில் தெரிந்தவர் டிஸ்க்கைத் திறக்குமுன் சீரியல் எண், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்கள், எத்தனை செக்டார் படிக்க முடிந்தது என்பதையெல்லாம் பதிவு செய்திருப்பார். இமேஜ் (டிஸ்க்கின் அச்சுப் பிரதி) எடுக்க முயன்றிருந்தால் பாதியில் நின்ற இமேஜும், எங்கெங்கே படிக்க முடிந்தது என்று குறிக்கும் மேப் கோப்பும் இருக்கும். ஹெட்டை மாற்றுமுன் ஒரு பகுதியாவது படிக்க முடிந்தது என்று லாக் சொன்னால் வழக்கின் நிறமே மாறிவிடும். ஒரு செக்டார்கூடப் படிக்கவில்லை என்றால் வழக்கை மறந்துவிடுங்கள். லாக்கே எடுக்காமல் நேரே திறந்துவிட்டாரா? அதுவே கவனக்குறைவுக்கு நல்ல சான்று. கோபம் காட்டாமல், சாதாரண வாட்ஸப் செய்தியாக இப்போதே கேட்டுவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தபின் கேட்டால் லாக் கிடைக்காது.

இனி, கட்சிக்காரர்கள் வழக்கமாக விழும் குழிகள். முதலாவது, ஆத்திரத்தில் டிஸ்க்கை அடுத்த லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. இரண்டாம் லேப் ஸ்க்ரூவைத் தொட்டதும் முதல் கடைக்காரர் தப்பித்துவிடுவார். அவர்கள் கெடுத்ததை என் தலையில் கட்டுகிறார்கள் என்பார். டேட்டா மிச்சம் இருப்பதும் அதே டிஸ்க்கில், சான்று இருப்பதும் அதே டிஸ்க்கில் என்பதுதான் இந்த வகை வழக்குகளின் தொல்லை. ஒன்றைத் தேடப்போய் மற்றதை அழிக்காதீர்கள். லேபில் கொடுத்தால், எந்தப் பழுதும் பார்க்குமுன் நிலை அறிக்கை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். சீல், ஸ்க்ரூக்கள், சர்க்யூட் போர்டு, தூசியில்லா மேடையில் திறந்து எடுத்த பிளாட்டர் படங்கள் எல்லாம் அதில் தேதியோடு வர வேண்டும். அந்தத் தேதியை முதல் கடைக்காரருக்கு எழுத்தில் சொல்லி, விரும்பினால் உடன் இருக்கலாம் என்றும் எழுதுங்கள்.

இரண்டாவது, வாரண்டியில் கம்பெனிக்கு அனுப்புவது. வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் டேட்டாவுக்கு அல்ல. மாற்று டிஸ்க் வரும், பழையது பொதுவாகத் திரும்பி வராது. டேட்டாவும் போய்ச் சான்றும் போய்விடும்.

மூன்றாவது, அந்த இரண்டு நாளைப் புகாரில் மறைப்பது. கடையில் கொடுத்த அன்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், கடை எழுதிய ஜாப் கார்டிலோ வாட்ஸப்பிலோ அது இருக்கும். எதிர்த் தரப்பு அதை எடுத்து நீட்டினால், நீங்கள் சொன்ன உண்மைகளும் பொய்போலத் தெரியும்.

'டேட்டாவுக்குப் பொறுப்பல்ல' என்று ஜாப் கார்டில் அச்சிட்டிருப்பார்கள். அதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று தாக்க ஆசை வரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அந்த வாதத்துக்கு உரிய இடம் மாநில நுகர்வோர் ஆணையம். மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. சேவைக் குறைபாடு என்று மட்டும் வைத்துக்கொண்டால் மாவட்டத்திலேயே முடியும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

25 லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73, நேரடியாக விளையாத தொலைதூர இழப்புக்கு ஈடு தராது. டிஸ்க்கில் இருப்பது வேறு பிரதியே இல்லாத ஆய்வுத் தரவு, போனால் இன்னது நேரும் என்று கொடுக்கும்போதே எழுத்தில் சொன்னீர்களா? இல்லையென்றால் கொடுத்த பணமும், மன உளைச்சலுக்கு ஒரு சிறு தொகையும் தேறலாம். கடைக்காரர் இப்போது தருவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எனவே, லாக் உங்களுக்குச் சாதகமாக எதுவும் காட்டாவிட்டால் சமரசம் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் அவர் நீட்டும் கடிதத்தில் அப்படியே கையெழுத்திடாதீர்கள். 'டிஸ்க்கை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்', 'வேலை திருப்தி' போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். பணத்தைவிட முக்கியமாகக் கேட்டு வாங்க வேண்டியது பழைய டிஸ்க்கின் ஒரிஜினல் போர்டு. அதிலுள்ள ரோம் (ROM) சிப்பில் அந்த ஒரு டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் இருக்கும். பல போர்ட்டபிள் டிஸ்க்குகளில், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும், போர்டே டேட்டாவை மறையாக்கம் செய்து எழுதும். அந்தப் போர்டு கடையின் குப்பைப் பெட்டியோடு போனால் எந்த லேபும் ஒன்றும் செய்ய முடியாது. கழற்றிய ஹெட், பாதி இமேஜ் இருந்தால் அதன் பிரதி, தங்களிடம் உள்ள பிரதியை அழித்துவிட்டோம் என்ற உறுதி எல்லாமே கடிதத்தில் வரட்டும். பதிவில் பேசியவர்களின் அந்தரங்கம் உங்கள் பொறுப்பு. பேச்சை ஆண்டுக்கணக்கில் நீட்டவும் விடாதீர்கள். புகார் கொடுக்க நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 69 தரும் 2 ஆண்டு, நீங்கள் சமரசம் பேசிக்கொண்டிருப்பதால் நின்றுவிடாது.

கடைசியாக, நேர்காணலைப் பதிவு செய்த கருவியின் மெமரி கார்டு எங்கே? கார்டிலிருந்து அழித்த கோப்பு, அந்த இடத்தில் வேறு எழுதப்படாதவரை பெரும்பாலும் மீளும். இழப்பைக் குறைக்க கையிலிருந்த வழியை நீங்கள் பயன்படுத்தினீர்களா என்பதையும் பிரிவு 73-இன் விளக்கம் கணக்கில் எடுக்கிறது. எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம். அந்தக் கார்டில் இனி ஒரு நொடிகூடப் பதிவு செய்யாதீர்கள். முழு இமேஜ் எடுத்து, இமேஜின்மேல் மட்டும் தேடச் சொல்லுங்கள்.