முப்பது காதம்

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு மாயாஜால நாவலில் முதல் அத்தியாயம் முடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு மூன்று மாதமாக அந்த உலகத்தின் வரைபடத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். மூன்று நாடுகள், 14 ஊர்கள், நடுவில் ஒரு பெரிய ஆறு. அது பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கிழக்குக் கடலுக்கும் இன்னொன்று மேற்குக் கடலுக்கும் போகிறது. படத்தை இணைத்திருக்கிறேன். "இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் பழக்கம், நம் ஆட்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள்" என்கிறாள் தோழி. விட்டுவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

விடாதீர்கள். 1881இல் ஸ்காட்லாந்தில், மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன், மனைவியின் மகனோடு சேர்ந்து ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் பூசினார். 'புதையல் தீவு' அந்தத் தாளிலிருந்து பிறந்த கதை. புத்தகமாக அச்சிட அனுப்பியபோது படம் தொலைந்துபோனது. கதையில் இருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவற்றுக்கு ஒத்துவரும்படி மறுபடி வரைய வேண்டியதாயிற்று. அது கடைசிவரை தன்னுடைய தீவாகத் தோன்றவே இல்லை என்று எழுதியிருக்கிறார். கற்பனை நிலமானாலும் அதன் தூரமும் திசையும் சூரியன் உதிக்கிற இடமும் எழுதுகிறவனுக்கு உள்ளங்கை போலத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனும் 1954இல் ஒரு கடிதத்தில், முதலில் வரைபடம், அப்புறம் அதற்குப் பொருந்தும்படி கதை என்று போனதே நல்லதாயிற்று என்கிறார். தூரங்களில் மிகக் கவனமாக இருந்ததாகவும் சொல்கிறார்.

இரண்டு பேருமே தூரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் படத்தில் அதுதான் இல்லை. கோட்டைகளை அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறீர்கள். ஆனால் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எத்தனை நாள் நடை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தோழி சொல்வதற்கு வருகிறேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் படம் அச்சிடுவது வேண்டுமானால் அங்கிருந்து வந்ததாக இருக்கட்டும். சிலப்பதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். புகாரை விட்டுக் கொஞ்சம் நடந்ததுமே கண்ணகிக்குக் கால் நோகிறது, மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே "ஆறைங்காதம்", பக்கம்தான் என்கிறான். ஆறைந்து முப்பது காதம்; காதம் என்பது பழைய தூர அளவு. ஆனால் களைத்த காதுக்கு ஆறு என்றோ ஐந்து என்றோ கேட்கும். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பரிவும் எவ்வளவு பொய்யும்! அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆடிப்பெருக்குக்குப் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு எங்கள் ஆயா என்னை நடத்திக் கூட்டிப்போவார். 15 கிலோமீட்டர். எப்போது கேட்டாலும் "அந்தத் திருப்பந்தான் சாமி" என்பார்.

அதே நூலில் காடுகாண் காதையையும் படியுங்கள். மதுரைக்கு வழி கேட்டவர்களுக்கு, சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் பாதையை மாங்காட்டு மறையோன் விவரிக்கிறான். வலப்பக்கம் போனால் வறண்ட பாலை. இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், அங்கே ஒரு பிலம், அதாவது குகை, மூழ்கினால் வரம் தரும் மூன்று பொய்கைகள். நடுவழி நல்ல வழிதான், ஆனால் அங்கே மயக்குகிற ஒரு கானுறை தெய்வம் உண்டு. மாயாஜால உலகத்துக்கு இதைவிட நல்ல வரைபடம் எங்கே இருக்கிறது? ஒரு கோடுகூடப் போடாமல், கேட்கிறவனின் காலுக்குச் சொன்ன படம் அது.

அடுத்து, உங்கள் ஆறு. ஓர் ஆறு மேட்டு நிலத்தில் பிரிந்து இரண்டு கடலுக்குப் போவது அரிதிலும் அரிது. வழியில் மற்ற ஆறுகளைச் சேர்த்துக்கொண்டே போகும். கடலை நெருங்கித் தரை தட்டையான பிறகுதான் காவிரி மாதிரி கிளை பிரியும். இதற்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். உங்கள் பக்கத்துச் சின்னாறு பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி ஒகேனக்கல்லில் காவிரியில் சேர்கிறது. கொஞ்சம் கிழக்கே, நந்தி மலைப் பக்கம் பிறந்த தென்பெண்ணை கிருஷ்ணகிரி வழியாகத் தன்பாட்டில் கடலூர்க் கடலுக்குப் போகிறது. இடையில் இருக்கிற மேடுதான் காரணம். உங்கள் உலகத்திலும் ஒரு மேட்டை வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆற்றைப் பிறக்க விடுங்கள். உங்கள் கதைப் பெண் அந்த மேட்டை ஏறிக் கடந்தே ஆக வேண்டும் என்று வந்துவிடும்.

ஊர்ப் பெயர்களையும் ஒருமுறை பாருங்கள். 14ம் ஒரே மொழியில் ஒரே நாளில் வைத்தது போல இருக்கின்றன. நம் மாரண்டஅள்ளியில் உள்ள அள்ளி, கன்னட ஹள்ளி. யார் யார் எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

படத்தை இப்போதைக்குச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஓரத்தில் ஒரு காதத்துக்கு எத்தனை விரற்கடை என்று குறியுங்கள். அந்தப் பெண் தன் ஊரிலிருந்து மேட்டின் அடிவாரம் வரைக்கும் நடக்கட்டும். எங்கே தண்ணீர் கிடைத்தது, எந்த இடத்தில் இருட்டியது, செருப்பு எப்போது அறுந்தது என்று எழுதுங்கள். அந்த அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
பென்னாகரம்