மருந்து விற்கிறவரிடம் சொல்ல என்ன இருக்கிறது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. பதினான்கு வருடமாக மெடிக்கல் ரெப், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்துவிட்டு அடுத்து என்னவென்று தெரியாமல் நிற்கிற பையன்கள் எங்கள் தெருவில் நிறைய. அவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் போலிருக்கிறது. "சேவையெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் மனைவி. மருந்து விற்கிற என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது என்ற தயக்கமும் உண்டு.
- ஒரு வாசகர், கரூர்

பதில்: சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்று ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருந்தார். வியாபாரிகள் கூடி மதியம் சாப்பிட்டுவிட்டு ஒருவருக்கொருவர் பிசினஸ் பிடித்துக் கொடுக்கிற சங்கம் ஒன்றில் அவர் செயலாளர். பேசி ஆள் சேர்க்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறோமே, இந்தத் திறமையை ஊருக்காகவும் செலவழித்தால் என்ன என்று அவருக்குத் தோன்ற, மற்ற சங்கங்களுக்கும் எழுதிப் போட்டு 1917 ஜூன் 7 அன்று ஒரு கூட்டம் கூட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான், நம் ஊர் கண் சிகிச்சை முகாம் போர்டுகளில் நீங்கள் பார்க்கிற லயன்ஸ் கிளப். உங்கள் மனைவியிடம் முக்கியமாகச் சொல்லவேண்டியது, ஜோன்ஸ் உடனே பிழைப்பை விட்டுவிடவில்லை. 1926 வரை ஏஜென்சியையும் நடத்திக்கொண்டு இதையும் பார்த்தார், அப்புறம்தான் முழுநேரமும் இதற்கு வந்தார்.

சரி, உங்களிடம் என்ன இருக்கிறது? டாக்டர் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்று, இரண்டு நிமிடம் பேசி, "அப்புறம் பார்க்கலாம்" என்று கேட்டுவிட்டு, அடுத்த மாதம் அதே மலர்ந்த முகத்தோடு மறுபடி போய் நிற்கிறீர்களே, முதல் இன்டர்வியூவில் வேண்டாம் என்றதும் வீட்டுக்குள் முடங்கிவிடுகிற பையனுக்கு அதைவிடத் தேவையான பாடம் எனக்குத் தெரியவில்லை. பிளஸ் டூவில் சயின்ஸ் படித்தவன் டி.ஃபார்ம் என்கிற இரண்டு வருட மருந்தாளுநர் படிப்பில் சேரலாம், பத்தாவதோடு நின்றவன் ஐ.டி.ஐ. போகலாம் என்பதைக்கூட எடுத்துச்சொல்ல ஆள் இல்லாத வீடுகள் இருக்கின்றன. மொத்த மருந்துக்கடை, லேப் என்று நீங்கள் தினம் போகிற இடங்களுக்கு ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவன் கண்ணால் பார்க்கட்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பு, துணை தேவைப்படும் பிள்ளைக்கு ஒரு பெரியவரைச் சேர்த்துவைக்கிறது. அதைப் பற்றி 2002இல் வந்த ஆய்வில், உறவு ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த இடங்களில்தான் அதிகப் பலன் தெரிந்தது, மூன்று மாதத்துக்குள் முறிந்த இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு இறங்கியே போயிருந்தது. அதனால் தெருவுக்கே அண்ணனாக வேண்டாம். இரண்டு பையன்கள், மாதம் இரண்டு மாலை, அவர்கள் அப்பா அம்மாவுக்குத் தெரிந்து, நூலகம் மாதிரி நாலு பேர் நடமாடுகிற இடத்தில். வெளியூரில் இருந்தால் அதே நேரத்துக்குப் போன். முதல் மாதம் அறிவுரையே வேண்டாம், அவர்கள் பேசட்டும்.

அடுத்த மாத டூர் புரோகிராம் எழுத உட்காரும்போது அந்த இரண்டு மாலைகளை முதலில் குறித்துவிட்டு மற்ற ஊர்களை நிரப்புங்கள். ஆறு மாதம் கழித்து எப்படிப் போகிறதென்று எனக்கு எழுதுங்கள்.